கண்ணாடியில் விழுந்த மச்சான்

லுவாங்குவா காட்டில் முப்பத்தொரு வருடம் விருந்தாளிகளுக்கு வண்டி ஓட்டினேன். உலகத்தில் பாதி வீடுகளின் சுவரில் தொங்கும் சிறுத்தைப் படங்களை எடுத்தவன் நான்தான். பொத்தானை மட்டும் அவர்கள் அமுக்கினார்கள். ஒரு படத்தின் அடியிலாவது லெவி ஜெரே என்ற என் பெயர் உண்டா? கிடையாது.

ஓய்வு பெற்ற அன்று ஒரு விருந்தாளி தன் பழைய கேமராவை என் கழுத்தில் மாட்டிவிட்டுப் போனார். எங்கள் சரணாலய வாசலில் ஆண்டுதோறும், மழைக்கு முன்னால், இந்தப் பள்ளத்தாக்குக்காரர் ஒருவர் எடுத்த படத்தைக் கதவு அகலத்துக்குப் பெரிதாக்கி மாட்டி, பெயரும் போடுவார்கள். இந்த வருடம் என் பெயர்தான் என்று சந்தையில் கருவாடு விற்பவள் வரை சொல்லிவிட்டு, அதற்குப் பிறகுதான் கூடாரத்தையே வண்டியில் ஏற்றினேன்.

துணைக்கு கபம்ப்வே வந்தான். என்னோடு முகாம்களில் சமைத்து ஓய்வு பெற்றவன். அவன் பெம்பா, நான் ங்கோனி. எங்கள் இரண்டு இனமும் முறைக்கு மச்சான்கள். எவ்வளவு கேவலமாகத் திட்டினாலும், சாவு வீட்டில் வைத்தே திட்டினாலும், கோபித்துக்கொள்ளக் கூடாது.

மூன்று நாள் சுற்றினோம். யானையின் பின்புறம் நாற்பது, நீர்யானை கொட்டாவி விட்டு முடித்த பிறகு மூடிய வாய் பதினொன்று தேறின. மறுநாள் நண்பகலுக்குள் படம் வாசலுக்குப் போயாக வேண்டும்.

“டேய் எலி தின்னி,” என்றான் கபம்ப்வே பின்னிருக்கையில் சாய்ந்துகொண்டு. “பேசாம உன் மூஞ்சிய எடுத்துக் குடு. புது மிருகம்னு மாட்டிடுவாங்க.”

“வாய மூடுறா குரங்கு தின்னி. நேத்து நீ கிண்டின சோளக்களிய வெட்டக் கோடாலி தேடினேன்.”

அப்போது இம்பாலா மான்கள் எல்லாம் ஒரே பக்கம் பார்த்துச் சீறின. எனக்கு அது போதும். வண்டியை விட்டேன். ஆற்றோர மரக்கிளையில் சிறுத்தை படுத்திருந்தது. சாதாரணச் சிறுத்தையா? இரண்டு கிளைக்கு நீளம்! வண்டியை நிறுத்தி, என்ஜினை அணைத்து, கேமராவைத் தூக்கினேன்.

எதிரே பேருந்து மாதிரி ஒரு அடிமரம். அதன் ஓரத்தில் வால் மட்டும் தொங்கியது.

முப்பத்தொரு வருடப் பழக்கம். பின்னிருக்கை விருந்தாளிக்கு நன்றாகத் தெரிகிற மாதிரி என் கை தானாகவே நிறுத்திவிட்டது.

“மச்சான்,” கபம்ப்வே கிசுகிசுத்தான். “முழுசாத் தெரியுது. மீசையக்கூட எண்ணலாம்.”

“எனக்கு மரம் தெரியுது.”

“வண்டிய நகத்தேன்.”

“ஸ்டார்ட் பண்ணினா ஓடிடும்டா.”

“அப்ப கேமராவக் குடு, நான் அமுக்குறேன். அடியில கபம்ப்வேன்னு போட்டா போச்சு!”

“அமுக்கினவன் பேர முப்பத்தொரு வருஷமாப் போட்டாச்சு. குடுக்க மாட்டேன். நான் வாலையே எடுத்துக்கறேன்.”

வாலுக்குக் குறி வைத்தேன். வால் உயர்ந்தது. சிறுத்தை எழுந்து நின்று, கீழே குனிந்து, தன்னை மட்டும் பார்த்ததாகக் கபம்ப்வே பிறகு சொன்னான். பின்னால் வருவதைப் பார்க்க வைத்த என் பக்கத்துக் கண்ணாடியில் அவன் முகம் தெரிந்தது. ஐயோ, அந்த வாய்! நீர்யானை தோற்றுவிடும். கண்ணாடியையும் வாலையும் ஒன்றாக அடக்கி அமுக்கினேன்.

அந்த வருடம் வாசலுக்கு வந்த சிறுத்தைப் படங்கள் எழுநூறு. சிறுத்தையைப் பார்த்த மனிதன் என்னுடையதில் மட்டும்தான் இருந்தான். இப்போது வாசலில் வண்டிகள் நின்று, சிரித்து, அப்புறம்தான் உள்ளே போகின்றன. அடியில் என் பெயர், முழங்கை நீள எழுத்தில்.

கபம்ப்வே ஞாயிறு தவறாமல் சலவைச் சட்டையோடு வந்து படத்துக்குக் கீழே நின்றுகொள்கிறான்.

“மூஞ்சி என்னுது. என் பேரையும் போடச் சொல்லு மச்சான்.”

“வால் சிறுத்தையோடது. அது வந்து கேட்டுச்சா?”