மூவருக்கு ஒரே தட்டு

1

இந்தக் கதையை நான் அமெரிக்காவிலிருக்கும் டப்ளினில், ஃப்ரீவேயை ஒட்டியுள்ள எத்தியோப்பிய உணவகத்தில், பக்கத்து மேஜையிலிருந்து எடுத்துவந்தேன். எடுத்தது கொஞ்சம்தான்: அறுபதைத் தாண்டிய ஓர் அம்மாள், ஓர் இளம்பெண், ஓர் ஆண், நடுவே தாம்பாளம் போல ஒரு தட்டு. அம்மாள் தமிழில் கேட்டாள்: "எனக்குத் தனியா ஒரு பிளேட் தருவாளா?"

பெயர்கள், உறவுகள், செத்துப்போனவன், எல்லாம் நான் சேர்த்தவை.

2

முதலில் இப்படித் தொடங்கினேன்: 'மகனை நினைத்து ராஜலக்ஷ்மி அழாத நாளே...'

வேண்டாம். அவள் அழுகிறவளில்லை. முகுந்த் போய் மூன்று வருடமாகியும், மருமகள் விஷாகாவுக்குத் தினமும் லஞ்ச் கட்டிக் கொடுப்பவள். மகன் அப்ளை பண்ணி வாங்கித் தந்த கிரீன் கார்டோடு, மகன் இல்லாத வீட்டில் இருக்கிறாள்.

காரில் வரும்போதுதான் விஷாகா சொன்னாள்.

"அத்தை, சாய்ராம் என்னைக் கல்யாணம் பண்ணிக்கலாமான்னு கேக்கறார். நீங்க பாத்துட்டுச் சொல்லுங்க. பண்ணிண்டாலும் நீங்க எங்களோடதான்."

"நான் யாரும்மா சொல்றதுக்கு?"

விஷாகா உணவகத்தின் முன் காரை நிறுத்தினாள்.

(இவ்வளவு நல்ல மருமகளா என்று எனக்கே சந்தேகம்தான். இரண்டு முறை அவளைப் பொல்லாதவளாக எழுதிப் பார்த்தேன். ராஜலக்ஷ்மிக்குக் கோபித்துக்கொள்ள ஆள் கிடைத்துவிட்டது; துக்கம் சின்னதாகிவிட்டது. அடித்துவிட்டேன்.)

3

தட்டு முழுக்க இஞ்செரா விரித்திருந்தது.* அதன்மேல் பருப்பு, கீரை, முட்டைக்கோஸ் என்று குவியல் குவியலாக. எல்லோரும் அதிலிருந்தே பிய்த்துச் சாப்பிட வேண்டும். எச்சில் பார்த்தே வளர்ந்தவள் ராஜலக்ஷ்மி. பெற்ற பிள்ளையோடுகூட ஒரே தட்டில் கைவைத்ததில்லை. தனித் தட்டு வந்தது. அவள் ஒதுங்கிச் சாப்பிட்டாள்.

சாய்ராம் வற்புறுத்தவில்லை. தன் பக்கத்து ஓரத்திலிருந்து மட்டும் எடுத்துக்கொண்டான்.

"முகுந்தை உங்களுக்குத் தெரியுமா?" என்றாள் ராஜலக்ஷ்மி திடீரென்று.

விஷாகாவின் கை நின்றது.

"பாத்ததில்ல ஆன்ட்டி. நீங்க சொன்னா கேக்கறேன்."

மூன்று வருடத்தில் யாரும் அப்படிச் சொல்லவில்லை. அவன் பேச்சை எடுத்தாலே 'அதெல்லாம் எதுக்கு ஆன்ட்டி இப்போ' என்று வேறு பேச்சுக்குப் போய்விடுவார்கள். அவள் சொல்ல ஆரம்பித்தாள். பரீட்சை வந்தால் புத்தகத்தைக் கீழே வைக்கமாட்டான். இன்ஜினியரிங் படிக்கும்போதும் அப்படித்தான். சாதத்தைப் பிசைந்து உருட்டிக்கொண்டு பின்னாலேயே நடக்கவேண்டும். கண்ணைத் திருப்பாமல் வாயை மட்டும் திறப்பான்.

"பெரிய மீசை வச்சுண்டு!"

விஷாகா சிரித்தாள். ராஜலக்ஷ்மியும் சிரித்தாள். சொல்லச் சொல்ல அவள் கை பெரிய தட்டுக்கே போயிருந்தது. ஒரு துண்டு இஞ்செராவைப் பிய்த்து, பருப்பை அள்ளி, சுருட்டி, எதிரே நீட்டியது.

"இந்தாடா, முகுந்தா."

சொன்ன பிறகுதான் அவள் காதில் விழுந்தது.

---
*பார்த்தால் ஆப்பம், வாயில் போட்டால் மூன்று நாள் புளித்த தோசை மாவு. எத்தியோப்பியர்கள் வேண்டியவர்களுக்கு இதைச் சுருட்டி ஊட்டிவிடுவார்களாம். ராஜலக்ஷ்மிக்கு அது தெரியாது.

4

சாய்ராம் வாயைத் திறந்தானா?

திறந்தான் என்று எழுதினேன். இன்னொருவன் பெயருக்கு வாய் திறந்துவிட்டு, வாழ்நாள் முழுக்க அந்தப் பெயரைச் சுமப்பானே என்றிருந்தது. 'நான் சாய்ராம், ஆன்ட்டி' என்று மெதுவாகச் சொன்னான் என்று எழுதினேன். சரியாகத்தான் இருந்தது. அந்தக் கை தட்டுக்குத் திரும்பியதை மட்டும் என்னால் எழுத முடியவில்லை.

நிஜத்தில் என்ன நடந்தது என்கிறீர்களா? பக்கத்து மேஜையில் அந்த அம்மாளின் கை நீண்ட நொடியில் நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அது நான் பார்க்கக் கூடாதது.

ஆகவே நீங்கள்தான் சொல்லவேண்டும். கொஞ்சம் சீக்கிரம். வயதானவள், எவ்வளவு நேரம்தான் கையை நீட்டிக்கொண்டே இருப்பாள்?