கால் எலும்பால் பேசிய கண்டக்டர்

அறுவை சிகிச்சைக்குப் பிறகு, கண்டக்டர் பேசிய முதல் சொல் கட்டிலிலிருந்து இறங்கி நடந்தது. அதுவரை அவருடைய சொற்களும் எல்லாருடையதையும் போலக் காற்றில்தான் போய்க்கொண்டிருந்தன. நிறுத்தத்தின் பெயரை அவர் கத்தினால் பின்னால் வரும் பேருந்திலும் ஆள் எழுந்து நிற்பான். பணிமனையில் அவருக்குச் சங்கு என்று பெயர்.

பல்வலியில்தான் ஆரம்பித்தது. பல் மருத்துவர் கடைவாய்ப் பல்லைப் பிடுங்கினார்; வலி அடுத்த பல்லுக்குத் தாவ, அதையும் பிடுங்கினார். குழி ஆறவில்லை. கீழுதடு மரத்து, குடித்த டீ சட்டையில் வழிந்தது அவருக்கே தெரியவில்லை. அதைப் பார்த்த மனைவி அன்றைக்கே தாடை டாக்டரிடம் இழுத்துப்போனாள். அந்த டாக்டரம்மா அதிகம் பேசமாட்டார். பஞ்சு நுனியால் உதட்டைத் தொட்டார், கண்டக்டருக்கு உறைக்கவில்லை. தாடையிலிருந்து சோதனைக்கு எடுத்த துணுக்கைச் சாதாரண எலும்பு வளர்ச்சி என்றது ஆய்வகம். சொந்தபந்தமெல்லாம் நிம்மதியாக மூச்சுவிட்டது, டாக்டர் விடவில்லை. "சாதாரண வளர்ச்சின்னா உதடு ஏன் மரக்குது? ஓரத்துல கிள்ளினா ஓரம்தான் தெரியும். உள்ள இருந்து எடுங்க." எடுத்தார்கள். எலும்புப் புற்று. தாடைக்கு அது வருவதே அபூர்வம். தலை நரைத்த அந்த டாக்டரே விரல்விட்டு எண்ணும் அளவுக்குத்தான் பார்த்திருந்தார்.

முதலில் மருந்து ஏற்றினார்கள், முடி கொட்டியது. பிறகு பாதித் தாடையை வெட்டவேண்டும் என்றார் டாக்டர்.

"மறுபடியும் கத்துவேனா டாக்டர்?"

"மொதல்ல உயிரோட இருங்க."

"கத்தாம உயிர வெச்சுக்கிட்டு நான் என்ன பண்றது?"

"வீட்ல கத்தினதே போதும். நீங்க வெட்டுங்க டாக்டர்," என்றாள் மனைவி, முகத்தைத் திருப்பிக்கொண்டு.

கீழ்க்காலின் மெல்லிய எலும்பை ரத்தக்குழாயோடு எடுத்து, துண்டாக்கித் தாடையின் வளைவுக்கு இணைத்து, தகட்டில் திருகி, முடியைவிட மெல்லிய நூலால் குழாயைக் கழுத்தோடு தைத்தார் டாக்டர். காலையில் மாட்டிய கையுறையைக் கழற்றும்போது இருட்டிவிட்டது. எலும்பு பிழைத்துக்கொண்டது. ஆனால் காலில் இருந்த எலும்புக்குத் தெரிந்தது நடைதான். வீடு திரும்பிய கண்டக்டர் குழறலாகத் "தண்ணி" என்றார். அந்தச் சொல் இறங்கி, தாங்கித் தாங்கி நடந்து, சமையலறையில் மனைவியின் புடவைத் தலைப்பை இழுத்தது. அவள் தண்ணீர் கொண்டுவந்தாள்.

டாக்டரிடம் சொன்னார்கள். அவர் குனிந்து, சில சொற்களை நடக்கவிட்டுப் பார்த்தார். "இடது பக்கம் கொஞ்சம் இழுக்குது. ஸ்கேன் சுத்தமா இருக்கு. நடக்கட்டும்."

சங்கு வேலைக்குத் திரும்பினார். கத்த முடியவில்லை, தேவையும் படவில்லை. நிறுத்தத்தின் பெயரை மெதுவாகச் சொன்னால், அது ஒவ்வோர் இருக்கையாகப் போய் இறங்கவேண்டியவரின் முழங்காலைத் தட்டியது. "படியில நிக்காதன்னு அதுக்கும் சொல்லுய்யா," என்று டிரைவர் மட்டும் சலித்துக்கொள்வார்.

நெரிசலில் பேருந்து ஊரும் நாட்களில், "ஆஸ்பத்திரி" என்ற சொல் முன்னாலேயே இறங்கி நிறுத்தத்துக்கு வந்துவிடும். வேலை முடிந்து அங்கே நிற்கும் தாடை டாக்டர் அதன் இடது காலை ஒருமுறை உற்றுப் பார்ப்பார். பிறகு குடையை மடக்குவார், பேருந்து வந்துவிடும்.