கோதண்டத்தின் குரல்

காசிமேட்டில் மீன் ஏலம் விடுகிறவர்களுக்குப் பஞ்சமில்லை. ஆனால் கோதண்டம் வாயைத் திறந்தால் ஐஸ் உடைக்கிறவன்கூடக் கையை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்ப்பான். அந்தத் தொண்டையில்தான் கட்டி வந்தது. பாழாய்ப்போன நோய்க்கு அந்த மனுஷனிடம் வேறு இடமா கிடைக்கவில்லை? குரல்வளையை எடுத்தால்தான் உயிர் தங்கும் என்று பெரிய ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள்.

"கொரலு இல்லாம நான் இன்னாத்துக்கு? போறது மொத்தமா போட்டும்" என்று கோதண்டம் எழுந்து வந்துவிட்டார்.

மனைவி புஷ்பவல்லி அழுது பார்த்தாள், பட்டினி கிடந்து பார்த்தாள். மனுஷன் மசியவில்லை. கையெழுத்துப் போடுவதற்கு மேல் எழுதப் படிக்கத் தெரியாதவர். பேச்சு ஒன்றுதான் அவருக்குச் சொத்து. கடைசியில் அவரை மசிய வைத்தது மகள் ரேகா.

ரேகா கல்லூரியில் கம்ப்யூட்டர் சயின்ஸ் கடைசி வருஷம். சாயங்காலம் வண்ணாரப்பேட்டையில் ஒரு சென்டருக்குப் போய் ஜாவா என்கிற கம்ப்யூட்டர் மொழியைக் கற்றுக்கொண்டிருந்தாள். வீட்டிலும் ஒரு பழைய கம்ப்யூட்டர் இருந்தது.

"நைனா, நீ பேசறத எல்லாம் இதுக்குள்ள புடிச்சி வெக்கிறேன். டம்ளர் படத்த அமுக்குனா டீ கேக்கும். பூ படத்த அமுக்குனா அம்மாவ கூப்புடும். எல்லாம் உன் கொரல்லயே."

"மெசின ஆப் பண்ணிட்டா?" என்றார் கோதண்டம். ஏலத்தில் பழகிய மூளை, ஓட்டை எங்கே என்று உடனே கண்டுபிடித்துவிடும்.

ஒவ்வொரு பேச்சையும் ஒரு ஆப்ஜெக்ட்டாக எழுதியிருந்தாள் ரேகா. படம், பெயர், குரல் மூன்றும் சேர்ந்தது ஒரு ஆப்ஜெக்ட். புரோகிராம் ஓடுகிற வரைதான் அதற்கு உயிர். நிறுத்தினால் எல்லாம் போயிற்று. போகாமல் இருக்க அதை ஃபைலில் எழுதி வைத்து, வேண்டும்போது பழையபடி எழுப்ப வேண்டும். அதற்குப் பெயர் சீரியலைசேஷன். சென்டரில் அப்போதுதான் அந்தப் பாடம் முடிந்திருந்தது. அதை அவள் அப்பாவின் பாஷையில் சொன்னாள்.

"மீன கருவாடு போட்டு வெக்கிறோம்ல, அது மாரி நைனா. ஆனா இத திரும்ப மீனாவே ஆக்கிடலாம்."

"நீந்துமா கண்ணு?"

"நீந்தும் நைனா."

மறுநாள் அவர் ஆஸ்பத்திரிக்குப் போய் ஆபரேஷனுக்குக் கையெழுத்துப் போட்டார்.

அட்மிட் ஆவதற்கு முந்தின நாள் மைக் முன்னால் அவரை உட்கார வைத்தாள். முதலில் வெறுமனே ஒரு ஆப்ஜெக்ட்டைச் சேமித்துப் பார்த்தாள். எரர். படமும் பெயரும் ஃபைலுக்குப் போகத் தயாராக இருந்தன, குரலை வைத்திருந்த பகுதி மட்டும் போகவே போகாது என்று ஜாவா முரண்டு பிடித்தது. அந்த ஒலியைத் தனியாகப் பிரித்து எழுதக் கொஞ்சம் பொறுமையாக உட்கார வேண்டும். கோதண்டமோ, "ஆச்சா கண்ணு? தொண்ட காயிது" என்கிறார். ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்று சும்மாவா சொன்னார்கள்? குரலின் முன்னால் 'டிரான்சியன்ட்' என்று ஒரு சொல்லைப் போட்டால் எரர் வராது என்று பாடத்தில் படித்தது ஞாபகம் வந்தது. போட்டாள். எரர் வரவில்லை. ஏன் வரும்? அந்தச் சொல்லுக்கு ஜாவாவில் அர்த்தமே, இதை விட்டுவிட்டு மற்றதைச் சேமி என்பதுதான். அதையும் படித்தவள்தான் ரேகா. அந்த நேரத்தில் எரர் ஒழிந்தால் போதும் என்றிருந்தது அவளுக்கு.

கரகரத்த தொண்டையோடு கோதண்டம் பேசினார். டீ கேட்டார், வலிக்கிறது என்றார், வஞ்சிரத்தை ஏலம் விட்டார். "எம் பேர ரெண்டு தபா சொல்லச் சொல்லுடி" என்று புஷ்பவல்லி வெட்கமில்லாமல் கேட்டாள். "ஏ புஷ்பா! இங்க வாம்மே, புஷ்பா!" என்று அவர் கூப்பிட்டதில் தெருவில் போனவர்கள் எட்டிப் பார்த்தார்கள். ரேகா எல்லாவற்றையும் சேமித்தாள். ஒவ்வொரு படமாக அமுக்கிக் காட்டினாள், ஒவ்வொன்றும் பேசியது. புரோகிராம் இன்னும் ஓடிக்கொண்டிருந்ததே, பேசாமல் என்ன செய்யும்? பிறகு கம்ப்யூட்டரை அணைத்தாள்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. பக்கத்து வீட்டு வியாகுலம்மாள் ஆஸ்பத்திரிக்கே வந்து, "தலைக்கு வந்தது தலப்பாவோட போச்சி" என்று ஆறுதல் சொன்னாள். புஷ்பவல்லி அழவில்லை. "அவரு கொரலு வூட்ல பத்தரமா கீது" என்று வார்டு முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

மூச்சுவிடப் போட்ட கழுத்துத் துளையை மெல்லிய துணியால் மூடிக்கொண்டு வீடு வந்த கோதண்டம், செருப்பைக் கழற்றியதும் நேரே கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தார். டம்ளர், பூ, மீன் எல்லாம் வரிசையாக வந்து நின்றன. பூவை அமுக்கினார். புஷ்பவல்லி அடுப்படியில் காத்திருந்தாள். சத்தமே இல்லை. டம்ளரை அமுக்கினார், மீனை அமுக்கினார். பிறகு ரேகாவைப் பார்த்தார்.

ரேகா புரோகிராமைத் திறந்தாள். குரலின் முன்னால் தன் கையால் போட்ட அந்தச் சொல் அங்கேயே உட்கார்ந்திருந்தது.

"ஸ்பீக்கர் ரிப்பேர் நைனா" என்றாள்.

பொய் சொல்லிவிட்டுத் தேடினாள். ஃபைலை எப்படித் திறந்தாலும் குரல் இருக்க வேண்டிய இடம் காலி. கட்டிக்கொடுத்த அக்கா வீட்டில் அவள் கல்யாண வீடியோ கேசட் ஒன்று இருந்தது. அதை வாங்கி வந்து போட்டுப் பார்த்தாள். நைனா வாயசைக்கிற இடத்திலெல்லாம் வீடியோக்காரன் சினிமாப் பாட்டை ஓடவிட்டிருந்தான். ஊரே கேட்ட குரல்தான், ஆனால் ஒருவரிடமும் அதில் ஒரு சொல்கூட மிச்சமில்லை. தினமும் கோதண்டம் வந்து பூவை ஒருமுறை அமுக்கிவிட்டுப் போவார். அதைப் பார்க்கிறபோதெல்லாம் செத்துவிடலாம் போலிருந்தது ரேகாவுக்கு.

ஒருநாள் மத்தியானம் கோதண்டம் தானே வெளியே போய்ப் புது ஸ்பீக்கர் வாங்கி வந்துவிட்டார். தானே வயரைச் செருகி, புஷ்பவல்லியைக் கைதட்டிக் கூப்பிட்டுப் பக்கத்தில் உட்கார வைத்தார். மகளைப் பார்த்து, போடு என்று கையைக் காட்டினார்.

இதற்கு மேல் பொய் சொல்ல ரேகாவால் முடியவில்லை.

"நைனா, ஸ்பீக்கர் மேல தப்பில்ல. உன் கொரலு இதுல இல்ல. நான்தான் வெக்காம உட்டுட்டேன். படத்த வெச்சேன், பேர வெச்சேன், கொரல உட்டுட்டேன்."

புஷ்பவல்லிக்கு அது புரியக் கொஞ்ச நேரம் ஆனது. பிறகு ஆஸ்பத்திரியில் அழாத அழுகையெல்லாம் சேர்த்து அழுதாள். "நீ வெச்சினு கீறேன்னு சொன்ன தைரியத்துலதானடி அவரு கழுத்த குட்த்தாரு!"

"திட்டு நைனா" என்று ரேகா அவர் காலருகே உட்கார்ந்தாள். "அடியாச்சும் அடி."

கோதண்டம் குனிந்து அவள் முகவாயைப் பிடித்து நிமிர்த்தினார். வாயைத் திறந்து என்னவோ சொன்னார். நீளமாகவே சொன்னார். கழுத்துத் துணி மட்டும் படபடவென்று அடித்துக்கொண்டது. திட்டுகிறாரா, போனால் போகிறது என்கிறாரா என்று ரேகாவுக்குத் தெரியவில்லை. அவள் அம்மாவைப் பார்த்தாள். இத்தனை வருஷம் கூட வாழ்ந்த புஷ்பவல்லிக்கும் தெரியவில்லை.

அவர் மறுபடி, நிதானமாக, உதட்டை நன்றாக அசைத்துச் சொன்னார். பதிலுக்காக மகள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"சரி நைனா" என்றாள் ரேகா, எதற்குச் சரி சொல்கிறோம் என்று தெரியாமலேயே.