இரண்டாவது கியர் விழாத வண்டி

திருட்டு என்ற சொல்லை எங்கள் குடும்பத்தைப் பார்த்து அதுவரை யாரும் சொன்னதில்லை. 1995 டிசம்பரில் ஒரு திங்கட்கிழமை கோதண்டம் சொன்னார். சென்னீர்குப்பத்தில் நெடுஞ்சாலையோரம் இருந்த ஒரு பொழுதுபோக்குப் பூங்காவுக்கு அவர் மேனேஜர். பூங்கா வாசலில், டிக்கெட் கொடுக்கும் பெண்கள் இருவரும் காவலாளி மதுரைவீரனும் கேட்கும்படி, என் மகன் அருள்தாஸிடம் சொன்னார்.

“சர்வீஸுக்கு உட்ட வண்டி கியர் வுழாம வந்திருக்கு. உள்ள இருந்த ஒரிஜினல் சாமானை உருவிட்டு எதையோ போட்டு அனுப்பிட்டீங்க. நாளைக்குப் பத்து மணிக்குள்ள சரியாவலைன்னா திருட்டுன்னு ஸ்டேஷன்ல எழுதிக் குடுப்பேன்.”

அந்த வண்டி நாலு சக்கர பைக். மோட்டார் சைக்கிளின் சீட்டும் ஹேண்டில்பாரும், டிராக்டரைப் போல் தடித்த டயர்களும் கொண்டது. வெளிநாட்டில் ஓடித் தேய்ந்து, துறைமுக ஏலத்தில் கை மாறி, பூங்காவின் மண் பாதையில் ஆட்களை ஏற்றிச் சுற்றிக்கொண்டிருந்தது. கிறிஸ்துமஸ் விடுமுறைக்கு முன் சர்வீஸ் செய்ய கரையான்சாவடியில் இருக்கும் எங்கள் ஒர்க்‌ஷாப்புக்கு வந்தது. ஒர்க்‌ஷாப்பின் போர்டில் ‘வேதமுத்து அண்ட் சன்’ என்று இருக்கிறது. வேதமுத்து நான்தான்.

நான் ஆவடியில் ஒரு தொழிற்சாலையில் முப்பத்தொரு வருடம் இன்ஸ்பெக்‌ஷன் பிரிவில் இருந்தவன். என் கை படாமல் எந்தப் பொருளும் அந்தக் கேட்டைத் தாண்டியதில்லை. ஓய்வு பெற்ற பிறகு மகனின் ஒர்க்‌ஷாப்பிலும் அதே முறைதான். வேலை முடிந்த வண்டியை நான் ஒருமுறை சுற்றிவந்து நட்டுகளைச் சோதித்து, சரியாக இருப்பதன் மேல் மஞ்சள் பெயின்ட்டால் ஒரு புள்ளி வைப்பேன். தொழிற்சாலையில் அப்படித்தான் செய்வோம். புள்ளி இருந்தால் ஒருவர் பொறுப்பேற்றிருக்கிறார் என்று பொருள்.

அருள்தாஸ் தலை கவிழ்ந்து விஷயத்தைச் சொன்னபோது, எனக்கு ஒரே ஒருவன் மேல்தான் சந்தேகம் வந்தது. எத்திராஜ். நூம்பலிலிருந்து வரும் மெக்கானிக், நாற்பது வயது, எங்களிடம் சேர்ந்து நான்கு மாதம் ஆகிறது. அதற்கு முன் அதே பூங்காவில் வேலை செய்து, ஏதோ தகராறில் வெளியேறியவன். சனிக்கிழமை மாலை அருள்தாஸ் கோயில் பாடகர் குழுவின் பயிற்சிக்குப் போன பிறகு அரை மணி நேரம் ஒர்க்‌ஷாப்பில் தனியாக இருந்தான். வண்டி அப்போது இன்னும் அங்கேதான் நின்றது. போகும்போது அவன் கக்கத்தில் நாளிதழில் சுற்றிய ஒரு பொட்டலம் இருந்தது. ஒர்க்‌ஷாப்பை ஒட்டிய எங்கள் வீட்டு ஜன்னல் வழியாகப் பார்த்தேன்.

“எத்திராஜா? சேச்சே, இருக்காதுப்பா” என்றான் அருள்தாஸ்.

“நீ யாரைத்தான் சந்தேகப்பட்டிருக்கிறாய்? நாளைக்கு நானும் வருகிறேன்.”

செவ்வாய்க்கிழமை காலை எட்டரைக்கு நானும் அருள்தாஸும் எத்திராஜும் பூங்காவில் இருந்தோம். இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை அணிந்திருந்தேன். கோதண்டம் வாசலிலேயே நின்றிருந்தார்.

“இன்னா, குடும்பத்தோட வந்துட்டீங்க?”

“என் பெயர் போர்டில் இருக்கிறது. அதனால் வந்தேன்” என்றேன். “ஒன்று சொல்லிவிடுகிறேன். இதற்குக் காரணம் யார் என்று இன்று தெரிந்துவிடும். அவன் இதே வாசலில், நேற்று நீங்கள் பேசியதைக் கேட்ட இவர்கள் முன்னால், தன் பெயரையும் தகப்பன் பெயரையும் சொல்லி ஒப்புக்கொள்ள வேண்டும். அவன் யாராக இருந்தாலும் சரி.”

எத்திராஜைப் பார்த்துக்கொண்டே சொன்னேன். அவன் டூல் பெட்டியை மறு கைக்கு மாற்றிக்கொண்டான்.

வண்டியை வாசலுக்குப் பக்கத்து நிழலுக்குத் தள்ளிவந்தார்கள். எத்திராஜ் ஸ்டார்ட் செய்து, இடது காலால் கியர் பெடலை மிதித்தான். முதல் கியர் டொக்கென்று விழுந்தது. இரண்டாவதற்கு மூன்று முறை உதைத்தான். விழவில்லை. மறுபடி நியூட்ரலுக்கு வரவும் மறுத்தது.

“பாத்தீங்களா? பல்லே இல்ல உள்ள” என்றார் கோதண்டம்.

“பல்லு இல்லைன்னா ஓடறப்ப கத்தும் சார். இது கம்னு ஓடுது.” எத்திராஜ் இன்ஜினை நிறுத்தினான். “அண்ணாத்தே, வண்டிய லேசா முன்ன பின்ன ஆட்டு.”

அருள்தாஸ் வண்டியை ஆட்ட, எத்திராஜ் பெடலைக் கையாலேயே தட்டினான். ஒன்று, இரண்டு, மூன்று, நாலு. ஒவ்வொரு கியரும் வரிசையாக விழுந்தது.

“இன்ஜின் நின்னா அல்லாம் வுழுது. ஓடுனா வுழல. அப்போ கியர் நல்லா கீது. வேற எங்கியோ சிக்கல்.”

எனக்கு அவன் பேச்சு பிடிக்கவில்லை. மருந்தைக் கையில் வைத்துக்கொண்டே நோயைத் தேடுகிறவனைப் போல் இருந்தான். ஆயிலை ஒரு தட்டில் வடித்து, காந்தத்தை விட்டுத் துழாவினான். பல் உடைந்திருந்தால் ஒட்டும் இரும்புத் துகள் எதுவும் காந்தத்தில் ஒட்டவில்லை. பெடல் தண்டில் வழுக்கவில்லை. இடது பக்கம் முழுவதும் ஒவ்வொன்றாகப் பார்த்தான். வலது பக்கம் மட்டும் ஒருமுறை குனிந்து பார்த்துவிட்டுச் சட்டென்று நிமிர்ந்தான். அதன் பிறகு அந்தப் பக்கத்துக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டான். அருள்தாஸ் அங்கே வந்தபோதும் “நீ போயி டீ சொல்லு அண்ணாத்தே” என்று அனுப்பப் பார்த்தான்.

போதும் என்று நினைத்தேன்.

“எத்திராஜ், சனிக்கிழமை பேப்பரில் சுற்றி என்ன எடுத்துப் போனாய்?”

“எப்போ பெரியவரே?”

“ஆறு மணிக்கு. கக்கத்தில்.”

அவன் கொஞ்சம் யோசித்தான். “அத்தா? கருவாடு. பூந்தமல்லி மார்க்கெட்ல வாங்குனது. கிட்ட வந்து மோந்து பாத்திருந்தீங்கன்னா அன்னிக்கே தெரிஞ்சிருக்கும்.”

மதுரைவீரன் சிரித்துவிட்டான். டிக்கெட் பெண்களில் ஒருத்தி முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள்.

“சிரிப்பு இருக்கட்டும். அங்கே எதை மறைக்கிறாய்? எழுந்திரு.”

“வாணாம் பெரியவரே. ரெண்டு நிமிசம் குடுங்க, முட்ச்சிர்றேன்.”

“எழுந்திரு என்றேன்.”

அவன் என்னைப் பார்த்த பார்வையில் பயம் இல்லை. மெதுவாக எழுந்து விலகினான்.

வலது பக்க இன்ஜின் மூடியின் நடுவில் ஒரு நட்டும், அதன் உள்ளே ஒரு திருகும் இருந்தன. நட்டின் மேல் மஞ்சள் புள்ளி இருந்தது.

சனிக்கிழமை மதியம் எனக்கு நினைவுக்கு வந்தது. அந்தத் திருகு பாதியிலேயே நின்றிருந்தது. அடிவரை இறங்காத திருகு வேலை முடியாத திருகு என்பது எங்கள் பிரிவின் பாடம். நட்டைத் தளர்த்தி, திருகை முட்டும் வரை இறக்கி, நட்டை முறுக்கி, புள்ளி வைத்தேன். செய்தவன் கவனக்குறைவானவன் என்று மனதில் எத்திராஜைத் திட்டியதும் நினைவுக்கு வந்தது.

“இது என்ன திருகு?” என்று மெதுவாகக் கேட்டேன்.

“கிளட்ச் செட்டிங்கு” என்றான் எத்திராஜ், எனக்கு மட்டும் கேட்கும்படி. “இந்த வண்டிக்குக் கையில கிளட்ச் கெடையாது. பெடல மிதிச்சா அதுவே வுடும். இத்த இறுக்கக் கூடாது. வெரலுக்குத் தட்ற எடத்துலேர்ந்து கால்வாசி சுத்து வுட்டு வெக்கணும். முழுசா எறக்கிட்டா கிளட்ச் வுடாது, கியர் வுழாது.”

“இன்னா அங்க குசுகுசுன்னு?” கோதண்டம் நெருங்கினார். “எவன் கை வெச்சான்?”

“சனிக்கிழமை வெச்ச செட்டிங்கு சார். என் தப்பு...” என்று எத்திராஜ் ஆரம்பித்தான்.

“நிறுத்து” என்றேன். “முதலில் சரி செய்.”

அவன் நட்டைத் தளர்த்தி, திருகை எதிர்ப்பக்கம் திருப்பிக்கொண்டே வந்து, விரலுக்குத் தட்டிய இடத்தில் நிறுத்தினான். கால்வாசிச் சுற்று விட்டான். ஸ்க்ரூடிரைவரால் திருகை அசையாமல் பிடித்துக்கொண்டு நட்டை முறுக்கினான். ஆயில் ஊற்றினான். ஸ்டார்ட் செய்து பாதையில் ஒரு சுற்று போய்வந்தான். நாலு கியரும் சத்தமில்லாமல் விழுந்ததை நாங்கள் எல்லோரும் கேட்டோம்.

“சரி, ஆச்சி. போங்க” என்றார் கோதண்டம்.

“போகமாட்டேன்.”

வாசலுக்கு நடந்தேன். அருள்தாஸ் பின்னாலேயே வந்து, “அப்பா, உடுங்கப்பா, வேலைதான் முடிஞ்சிடுச்சே” என்று கையைப் பிடித்தான். எடுத்துவிட்டேன். டிக்கெட் பெண்களும் மதுரைவீரனும் என்னைப் பார்த்தார்கள். டிக்கெட் வாங்க ஒரு குடும்பம் வேறு வந்து நின்றிருந்தது.

“ஞானமுத்துவின் மகன் வேதமுத்து” என்றேன். “இந்த வண்டியின் திருகைத் தெரியாமல் இறுக்கியவன் நான். என் மகனோ எங்கள் மெக்கானிக்கோ இல்லை. வண்டியிலிருந்து எதுவும் எடுக்கப்படவில்லை.” பிறகு கோதண்டத்தின் பக்கம் திரும்பினேன். “என் பங்கைச் சொல்லிவிட்டேன். திருட்டு என்ற சொல்லை நீங்கள் இங்கேதான் சொன்னீர்கள். இங்கேயே திரும்ப எடுத்துக்கொள்ளுங்கள்.”

கோதண்டம் அங்கும் இங்கும் பார்த்தார். நான் நகரவில்லை.

“சரிங்க பெரியவரே. திருட்டு இல்ல. வாய் தவறிட்ச்சி.”

“நன்றி” என்று சொல்லிவிட்டு வெளியே வந்தேன்.

திரும்பும் வழியில் பஸ்ஸில் எத்திராஜின் பக்கத்தில்தான் இடம் கிடைத்தது. டூல் பெட்டி அவன் மடியில் இருந்தது. அவனுக்கும் சேர்த்து டிக்கெட் எடுத்தேன்.

“உன்னைச் சந்தேகப்பட்டேன்” என்றேன்.

“தெரியும் பெரியவரே. நாலு மாசமா ஜன்னலாண்ட நின்னுகினு கீறீங்க.”

“பழியை உன் மேல் ஏன் போட்டுக்கொள்ளப் பார்த்தாய்?”

“அந்தாளு முன்னாடி உங்கள நிக்க வெக்க வாணாம்னுதான்.” ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். “நீங்க கேக்கல, நீங்களே போயி நின்னுட்டீங்க.” திரும்பாமலே கேட்டான்: “இனிமே பொட்டு வெப்பீங்களா, மாட்டீங்களா?”

“வைப்பேன். எந்த நட்டில் வைக்கலாம் என்று நீ சொல்லு.”

“கருவாடு துன்னுவீங்களா?”

“என் வீட்டில் கொண்டுவந்து கொடு, ஒளிவு மறைவில்லாமல்” என்றேன்.