பல் டாக்டர் வாயடக்கிய பம்ப்

பல் டாக்டரிடம் ஒரு பழைய ஸ்போர்ட்ஸ் கார் இருந்தது. இரண்டே இரண்டு பேர் உட்காரலாம். மூன்றாவதாக ஒரு குடை வந்தால்கூட மடக்கித்தான் வைக்க வேண்டும். காரின் சொந்த இன்ஜின் என்றைக்கோ உயிரை விட்டுவிட்டது. டாக்டருடைய மச்சினன், எதைக் கையில் கொடுத்தாலும் முதலில் பிரித்துப் போட்டுவிட்டுப் பிறகு யோசிக்கிற ஆசாமி, வேறு ஏதோ காரின் இன்ஜினைக் கொண்டுவந்து பொருத்தினான். அந்த இன்ஜினுக்கு அதன் வேகத்துக்குப் பெட்ரோல் வேண்டுமாம். பெட்ரோலைத் தள்ளிவிட, கரண்டில் ஓடும் ஃப்யூயல் பம்ப் ஒன்றை டிக்கிச் சுவரில் நாலு போல்ட் போட்டு முறுக்கினான். "மாமா, இனிமே வண்டி பறக்கும்" என்று சொல்லிவிட்டுப் போனவன்தான், அப்புறம் இந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை.

வண்டி பறந்ததோ இல்லையோ, பம்ப் அலறியது. சாவியைத் திருப்பியதும் 'ங்ஙீ...' என்று ஆரம்பித்தால் இறங்கும்வரை ஓயாது. கிளினிக்கில் பல்லைக் குடைகிற மெஷினுக்கும் அதற்கும் சத்தத்தில் ஒரு வித்தியாசமும் கிடையாது. தெருமுனையில் கார் திரும்பும்போதே, காத்திருப்பவர்களில் இரண்டு பேராவது பல்வலி தானாகச் சரியாகி எழுந்து போய்விடுவார்கள்.

டாக்டருக்கு அதெல்லாம் ஒரு பொருட்டே இல்லை. அவர் கவலை வேறு.

ஞாயிறு காலையில் மனைவியை ஏற்றிக்கொண்டு ஊருக்கு வெளியே ஒரு மணி நேரம் ஓட்டிவிட்டு வருவார். அந்தம்மா பள்ளிக்கூடத்தில் ஹெட்மிஸ்ட்ரஸ். வாரம் முழுக்கத் தொண்டை வற்றக் கத்துவதால் வீட்டில் அளந்துதான் பேச்சு. ஆனால் காரில் பெல்ட்டை மாட்டியதுமே மடை திறந்துகொள்ளும். கையை ஆட்டி, புருவத்தைத் தூக்கி, சில நேரம் கண்ணில் தண்ணீர் வரும்படி சிரித்துப் பேசுவார். டாக்டர் காதில் 'ங்ஙீ' மட்டும்தான் விழும். "ஆமாமா", "அப்படிப் போடு" என்று குத்துமதிப்பாகத் தலையாட்டி வைப்பார். வீட்டுக்கு வந்து "என்னம்மா சொல்லிட்டு வந்த?" என்று கேட்டால், "ஒண்ணுமில்லீங்க" என்று அந்தம்மா அடுப்படிக்குப் போய்விடுவார். கட்டிய மனைவி இரண்டு வருஷமாக என்ன பேசுகிறார் என்று தெரியாமல் மனுஷனுக்கு மண்டை வெடித்தது. அதைக் கேட்டே தீருவது என்று கங்கணம் கட்டிக்கொண்டார்.

முதலில் பம்ப்பைப் பழைய போர்வையால் சுற்றினார். அது போர்வைக்குள் இருந்தபடி அலறியது. அப்போதுதான் அவருக்கு அந்த அபாரமான யோசனை வந்தது. பல் அளவெடுக்கிற பசை கிளினிக்கில் டப்பா டப்பாவாக இருந்தது. அத்தனையையும் குழைத்துப் பம்ப்பின் மேல் அப்பினார். பசை நன்றாக இறுகி, பம்ப்பையும் சுவரையும் ஒரே பிண்டமாக்கியது. இப்போது பம்ப்போடு சேர்ந்து நம்பர் பிளேட்டும் அலறியது.

வேறு வழியில்லாமல் டாக்டர் காரை ஒரு மெக்கானிக்கிடம் கொண்டுபோனார். மெக்கானிக் டிக்கியைத் திறந்தார். இளஞ்சிவப்பாக ஒரு பெரிய உருண்டை உட்கார்ந்திருந்தது. அதைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார்.

"டாக்டர், இதுக்குப் பல்லு கட்டப் போறீங்களா?"

டாக்டர் அசடு வழிந்தார்.

"மூடி வெச்சா சத்தம் அடங்காது டாக்டர். பம்ப்பு தகரத்தைத் தொட்டுக்கிட்டு இருக்கு, அதான் மொத்த டிக்கியும் அதிருது. போதாக்குறைக்கு டேங்குக்கு மேல உக்காந்துக்கிட்டு பெட்ரோலை உறிஞ்சுது. அதுக்குத் தள்ளத்தான் வரும், உறிஞ்ச வராது. முடியாம கத்துது. எந்தப் புண்ணியவான் மாட்டினது?"

"என் மச்சினன்."

"சரி, குடும்ப விஷயம்" என்று மெக்கானிக் வேலையைத் தொடங்கினார்.

பசையைச் சுரண்டி எடுக்கவே அரை நாள் ஆனது. பம்ப்பைக் கழற்றி, டேங்கின் அடிமட்டத்துக்கும் கீழே இறக்கி, பெட்ரோல் தானாக வந்து சேரும்படி வைத்தார். எங்கும் தகரத்தில் படாமல் ரப்பர் வளையங்களில் தொங்கவிட்டார். அதிர்வு பைப் வழியாகவும் ஏறாதபடி, பம்ப்பின் இரண்டு முனையிலும் கொஞ்ச தூரத்துக்கு ரப்பர் குழாய் போட்டார். சாவியைத் திருப்பிவிட்டு, பம்ப் ஓடுகிறதா என்று கையால் தொட்டுப் பார்க்க வேண்டியிருந்தது. டாக்டர் மெக்கானிக்கைக் கட்டிப் பிடித்துக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை வந்தது.

"என்னங்க, ஸ்டார்ட் ஆகலியா?"

"ஆயிடுச்சும்மா."

அந்தம்மாவின் முகம் தொங்கிப் போனது. கார் கிளம்பியது. டாக்டர் காதைத் தீட்டிக்கொண்டு ஓட்டினார். கடைத்தெரு போனது, பாலம் போனது, ஒரு வார்த்தை வரவில்லை.

"ஏதாவது பேசேன்."

"என்னத்தைப் பேச?"

"வாரா வாரம் பேசுவியே!"

"அது உங்களுக்குக் கேக்காதுங்கற தைரியத்துல பேசினது."

டாக்டருக்குச் சுருக்கென்றது. "என்னைத் திட்டினியா?"

"பாதி திட்டுதான். உங்களை, உங்க அக்காவை, எங்க ஸ்கூல் கமிட்டிய."

"மீதி?"

அந்தம்மா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். "போன மாசம் சொன்னேன். 'இந்த மனுஷன் பக்கத்துல உக்காந்து போறதுக்காகத்தான் வாரம் பூரா நாளை எண்ணிக்கிட்டு இருக்கேன்'னு. நீங்க, 'ஆமாமா, பெட்ரோல் போடணும்'னீங்க."

இருபத்தாறு வருஷக் குடித்தனத்தில் தன்னைப் பற்றி மனைவி சொன்ன ஒரே நல்ல வார்த்தை. அதைக் காதில் வாங்காமல் பெட்ரோல் பங்கைத் தேடியிருக்கிறோமே என்று டாக்டர் நொந்துகொண்டார். "இன்னொரு வாட்டி சொல்லும்மா" என்று கெஞ்சினார்.

"போங்க. இவ்வளவு அமைதியில எப்படிச் சொல்றது? வெக்கமா இருக்கு."

சிக்னலில் சிவப்பு. கார் நின்றது. பக்கத்தில் ஒரு பஸ்ஸும் வந்து நின்றது. சரி, இந்த முறை நாம்தான் சொல்ல வேண்டும் என்று டாக்டர் துணிந்தார். இந்தக் காருக்குள் கத்தியே பழகிய தொண்டைக்கு வேறு அளவு தெரியவில்லை.

"எனக்கும் அப்படித்தாம்மா! நீ பக்கத்துல இல்லேன்னா இந்த வண்டி எனக்கு வெறும் தகரம்!"

பஸ்ஸின் ஜன்னல்கள் அத்தனையிலும் தலைகள் முளைத்தன. அந்தம்மா கைப்பையைத் தூக்கி முகத்தை மறைத்தார். "ஐயோ, மெதுவாங்க! மானம் போகுது!"

பஸ் டிரைவர் எட்டிப் பார்த்தார். "பதில் சொல்லிருங்கம்மா, பச்சை விழப் போகுது. இத்தனை பேர் காத்துக்கிட்டு இருக்கோம்ல?"

கைப்பை மெல்ல இறங்கியது. பள்ளி மைதானத்தின் கடைசி வரிசையையும் அடக்குகிற குரல் காருக்குள்ளிருந்து கிளம்பியது.

"அப்ப சனிக்கிழமையும் கூட்டிட்டுப் போங்க!"

பச்சை விழுந்தது. டாக்டருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. பின்னால் நின்ற வண்டிகளெல்லாம் ஹாரன் அடித்துத் தீர்த்தன.