ஒன்பது மணிக்கு மெடிக்கல் போர்ட்

காலை நேரங்களில் காமினி நன்றாகத்தான் இருப்பாள். அதுதான் அவளுக்குப் பயம்.

ஆறு மணிக்கு மாத்திரை போட்டால் ஏழு மணிக்கு இமைகள் முழுதாகத் திறந்துகொள்ளும். கைகள் தோளுக்கு மேலே போகும், பேச்சு தெளிவாக வரும். கெலுகோர் அடுக்குமாடி வீட்டிலிருந்து அவள் படியிறங்கிப் போவதைப் பார்க்கிறவர்கள் நோயாளி என்று சொல்லமாட்டார்கள். பத்து மணிக்கு மேல் ஒவ்வொன்றாகக் கைவிடும். முதலில் இடது இமை சரியும். பிறகு பார்ப்பதெல்லாம் இரண்டு இரண்டாகத் தெரியும். மத்தியானச் சோற்றை மெல்லும்போது தாடை ஓய்ந்துபோய், அதை உள்ளங்கையால் தாங்கிக்கொண்டுதான் சாப்பிட வேண்டும்.

மையஸ்தீனியா என்று டாக்டர் சொன்னார். நரம்பு சொல்வது தசைக்குப் போய்ச் சேராத நோய். ஆயுசுக்கும் இருக்கும்.

காமினிக்கு நாற்பத்து மூன்று வயது. பாயான் லெப்பாஸில் ஒரு தொழிற்சாலையில் பத்தொன்பது வருடம் மைக்ராஸ்கோப் வழியாகச் சர்க்யூட் பலகைகளைப் பார்த்துப் பழுது கண்டுபிடித்தவள். ஒரு புள்ளி இரண்டாகத் தெரிய ஆரம்பித்ததும் அந்த வேலை போயிற்று. பெட்டி கட்டும் பிரிவில் போட்டுப் பார்த்தார்கள். தூக்கிய கை பாதியிலேயே விழுந்தது. கடைசியில் அலுவலகத்து அதிகாரியே, தொழிலாளர் காப்புறுதித் திட்டமான சொக்சோவில் இலாட் பென்ஷனுக்கு மனு போடச் சொன்னார். உடம்பு நிரந்தரமாக வேலைக்கு ஆகாமல் போனவர்களுக்கு மாதாமாதம் கிடைக்கிற பணம் அது.

மனுப் பாரமும் மருத்துவ அறிக்கைகளும் கொடுத்து இரண்டு மாதம் ஆன பிறகு கடிதம் வந்தது. மெடிக்கல் போர்ட் என்று மூன்று டாக்டர்கள் உட்கார்ந்து அவளை நேரில் பார்ப்பார்கள். பெரிய ஆஸ்பத்திரியில், புதன்கிழமை, காலை ஒன்பது மணி.

"ஒன்பது மணியா?" என்று காமினி கடிதத்தை மறுபடியும் கணவனிடம் நீட்டினாள். "மத்தியானமா மாத்தித் தரச் சொல்லி கேக்கலாமாங்க?"

"கேட்டா இன்னும் ரெண்டு மாசம் தள்ளிப் போடுவாங்களோ என்னமோ. போயிட்டு வந்துருவோம்லா. ரிப்போர்ட்தான் இருக்கே" என்றான் தயாளன். அவன் பட்டர்வொர்த்தில் லாரி ஓட்டுகிறவன். எதையும் நேராகப் போய்ச் சேர்ந்துவிடலாம் என்று நம்புகிறவன்.

காமினியால் அப்படி நம்ப முடியவில்லை. ஞாயிற்றுக்கிழமை துணி காயப்போடும்போது பக்கத்து வீட்டுப் பக்கிரிசாமி அண்ணனிடம் விஷயத்தைச் சொன்னாள். காவலாளி வேலை பார்த்தவர். முழங்கால் வலிக்காக அவரும் ஒரு தடவை போர்டுக்குப் போய், கிடைக்காமல் திரும்பியவர்.

"அன்னிக்குன்னு பாத்து எனக்கு வலி இல்லம்மா. நல்லா நடந்து உள்ள போனேன். ஒக்காந்து செய்யற வேல பாக்கலாம்னுட்டாங்க" என்றார். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு, "நீ அன்னிக்குக் காலையில அந்த மருந்த சாப்புடாத. ஒரு வேளதானே? அவங்க கண்ணால பாக்கட்டும்" என்றார்.

காமினி மிச்சத் துணியைக் காயப்போட்டாள். ஆனால் அந்த வார்த்தை அவளோடு வீட்டுக்குள் வந்துவிட்டது. சமைக்கும்போதும் குளிக்கும்போதும் மூன்று டாக்டர்கள் அவள் எதிரே உட்கார்ந்திருந்தார்கள். உனக்கு என்ன குறை, நன்றாகத்தானே இருக்கிறாய் என்று கேட்டார்கள். ஒரு வேளை விட்டால் போதுமா என்றும் தோன்றியது. ஒன்பது மணிக்குள் ஒன்றும் ஆகாவிட்டால்? செவ்வாய்க்கிழமை சாயங்காலமே அவள் மாத்திரையை நிறுத்தினாள். படுக்கப்போகும் முன் போட வேண்டியதையும் போடவில்லை. புதன் காலை மாத்திரையை டிஷ்யூ தாளில் சுற்றிக் கைப்பைக்குள் வைத்தாள்.

"மருந்து சாப்டியா?" என்று தயாளன் சட்டையை மாட்டிக்கொண்டே கேட்டான்.

"ம், சாப்டேன்."

பதினேழு வருடக் கல்யாண வாழ்க்கையில் அவள் அவனிடம் இப்படி முகத்தைப் பார்த்துப் பொய் சொன்னதில்லை.

காடியில் போகும்போதே தலை கனத்தது. அவளை வாசலில் இறக்கிவிட்டு, தயாளன் காடி நிறுத்த இடம் தேடிப் போனான். காத்திருக்கும் இடத்தில் நிறையப் பேர் இருந்தார்கள். ஊன்றுகோலோடு ஒருவர், சக்கர நாற்காலியில் ஒருவர், கை இல்லாத ஒரு சீனக் கிழவர். அவர்களைப் பார்க்கப் பார்க்க காமினிக்கு வெட்கமாக இருந்தது. அவர்களுக்கெல்லாம் காட்டுவதற்கு ஏதோ இருந்தது. அவளுடைய எண் பதினான்கு.

ஒன்பது மணிக்கே இடது இமை இறங்கியது. நல்லது என்று நினைத்துக்கொண்டாள். ஒன்பதரைக்கு எதிரே இருந்த கதவு இரண்டானது. அதுவும் நல்லதுதான். அப்போது ஆறாம் எண்தான் உள்ளே போயிருந்தது. தயாளன் வந்து பக்கத்தில் உட்கார்ந்து அவள் முகத்தைப் பார்த்தான்.

"என்னா, இன்னிக்கு இவ்ளோ சீக்கிரம் கண்ணு சொருவுது?"

"தூக்கம் இல்ல" என்றாள். அந்த இரண்டு வார்த்தையும் மூக்கு வழியாக வந்தன. பன்னிரண்டாம் எண் உள்ளே போனதும் அவன் அவளுக்குக் குடிக்க ஏதாவது வாங்கி வருகிறேன் என்று எழுந்து போனான்.

அவன் போன பிறகுதான் எச்சிலை விழுங்க முடியவில்லை என்பது அவளுக்குத் தெரிந்தது. வாய் நிறைந்துகொண்டே வந்தது. கைக்குட்டையால் துடைத்தாள். மறுபடியும் நிறைந்தது. இது வழக்கமான சோர்வு இல்லை. தொண்டைக்குள் எதுவோ தன் பேச்சைக் கேட்காமல் நின்றுபோனதுபோல இருந்தது. போதும், மாத்திரையைப் போட்டுவிடலாம் என்று கழிப்பறைக்குப் போய்க் கதவைத் தாழிட்டாள்.

டிஷ்யூவைப் பிரித்து மாத்திரையை நாக்கில் வைத்து, பையிலிருந்த போத்தலிலிருந்து தண்ணீர் ஊற்றிக்கொண்டாள். தண்ணீர் உள்ளே இறங்காமல் மூக்கு வழியாக வெளியே வந்தது. இருமல் வரவேண்டிய இடத்தில் இருமலும் வரவில்லை. மாத்திரை அடிநாக்கில் ஒட்டிக் கசந்துகொண்டு நின்றது. அதை விரலால் தோண்டி எடுத்தாள். மருந்து உள்ளங்கையில் இருக்கிறது, அதை விழுங்கத் தேவையான பலம் அந்த மருந்தில்தான் இருக்கிறது என்பது அந்த நேரத்தில் அவளுக்கு முழுதாகப் புரிந்தது.

மூச்சு பாதிக்கு மேல் போகவில்லை. இன்னொரு தடவை இழுத்தாள். அதைவிடக் குறைவாகப் போனது. கழுத்து தலையைத் தாங்காமல் முன்னால் தொங்கியது. "ஏங்க" என்று கூப்பிட்டாள். சத்தம் வரவில்லை. தாழ்ப்பாளுக்குக் கையைத் தூக்கினாள். கை பாதிவரை எழுந்து விழுந்துவிட்டது.

வெளியே "எம்பாட் பெலாஸ்" என்று பதினான்காம் எண்ணைக் கூப்பிட்டார்கள். கொஞ்ச நேரம் கழித்து இன்னொரு தடவை கூப்பிட்டார்கள்.

சாகப்போகிறோம் என்று நினைத்தாள். டாக்டர்கள் நிறைந்த கட்டடத்தில், அவர்கள் தன் எண்ணைக் கூப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே சாகப்போகிறோம். சுவரில் சாய்ந்து கீழே வழுக்கி உட்கார்ந்தாள். கால்களில் மட்டும் கொஞ்சம் வலு மிச்சமிருந்தது. செருப்புக் காலால் கதவை உதைத்தாள். ஓர் உதை. அதற்குப் பிறகு மூச்சுக்காக நின்று, இன்னொன்று.

எண் பதினான்கைத் தேடி வந்த சித்தி ஹாஜரா என்ற மலாய் நர்ஸ் மிஸ்ஸி அந்தச் சத்தத்தைக் கேட்டாள். ஒரு காசை வைத்து வெளியிலிருந்தே பூட்டைத் திருப்பித் திறந்தாள். காமினி உள்ளங்கையை விரித்து மாத்திரையைக் காட்டினாள். மிஸ்ஸி அதையும் அவள் முகத்தையும் பார்த்துவிட்டு, திரும்பி ஆள் கூப்பிட்டுக் கத்தினாள். தள்ளு கட்டிலில் ஏற்றும்போது தயாளன் மைலோ பொட்டலத்தைப் பிடித்தபடி ஓடிவருவது காமினிக்கு இரண்டு ஆளாகத் தெரிந்தது.

நான்கு நாள் தொண்டைக்குள் குழாயோடு கிடந்தாள். இயந்திரம் அவளுக்காக மூச்சு விட்டது. மருந்து ஏறிக்கொண்டிருந்த அந்த நாட்களில், கண்ணைத் திறந்தாலும் மூடினாலும் ஒரே நினைப்புதான். இந்த இயந்திரத்தை யாராவது தெரியாமல் நிறுத்திவிட்டால் தன்னால் சொல்லக்கூட முடியாதே.

குழாயை எடுத்த மறுநாள் வார்டு டாக்டர் அருணன் வந்தார். யாழ்ப்பாணக் குடும்பத்துக்காரர், இளைஞர்.

"மாத்திரை ஒழுங்கா எடுத்தும் இப்படி ஆச்சா? இல்லாட்டி ஏதாச்சும் காய்ச்சல், சளி இருந்துச்சா?"

"எல்லாம் நேரத்துக்கு சாப்டுவா டாக்டர்" என்று தயாளன் முந்திக்கொண்டு சொன்னான்.

காமினிக்குக் குரல் இன்னும் திரும்பவில்லை. சைகையால் பேனா கேட்டு வாங்கி எழுதினாள். மூன்று வேளை மாத்திரையை நான்தான் சாப்பிடவில்லை. போர்டு டாக்டர்கள் பார்க்கட்டும் என்று.

தயாளன் அந்தத் தாளைப் படித்தான். எழுந்து தாழ்வாரத்துக்குப் போய்ச் சுவரைப் பார்த்து நின்றான்.

"இதை நான் ரெக்கார்டுல எழுதித்தான் ஆகணும்" என்றார் அருணன். காமினிக்குப் புதிய பயம் அங்கிருந்து தொடங்கியது. இனி அவள் கோப்பைத் திறக்கிறவர்கள் எல்லாரும் அதைப் படிப்பார்கள். ஏமாற்றப் பார்த்தவள் என்று நினைப்பார்கள்.

வீட்டுக்கு வந்த அன்றுதான் தயாளன் வாய் திறந்தான். "நீ போய்ட்டா அந்தப் பென்ஷன வாங்கி நான் என்னா செய்யறது, சொல்லு?" அதற்குப் பிறகு நான்கு வேளையும் எதிரே நின்று அவள் விழுங்குவதைப் பார்த்தான். வேலையில் இருந்தால் வீடியோவில் கூப்பிட்டான். பக்கிரிசாமி அண்ணன் ஒரு நாள் கொய்யாப்பழப் பையோடு வாசலில் வந்து நின்றார். "என் வாய வச்சிக்கிட்டு நான் சும்மா இருந்திருக்கணும்மா" என்று மட்டும் சொல்லிவிட்டு, உள்ளே வராமலே போய்விட்டார்.

ஏழு வாரம் கழித்துப் புதிய தேதி வந்தது. மறுபடியும் ஒன்பது மணி. இந்த முறை மாத்திரையைப் போட்டுக்கொண்டு போனாள். இமைகள் திறந்திருந்தன. நடை நேராக இருந்தது. கதவுக்கு முன்னால் நிற்கும்போது திரும்பிப் போய்விடலாமா என்றிருந்தது.

நடுவில் உட்கார்ந்திருந்த மலாய் டாக்டரம்மா கோப்பைப் புரட்டி ஓர் இடத்தில் நிறுத்தினார்.

"மருந்தை நீங்களே நிறுத்தினீர்களா?" என்று மலாயில் கேட்டார்.

"ஆமாம் டாக்டர்."

"ஏன்?"

பதிலை வீட்டில் பலவிதமாகத் தயார் செய்திருந்தாள். அவற்றையெல்லாம் விட்டுவிட்டாள். "காலையில நான் நல்லா இருப்பேன். நீங்க நம்பமாட்டீங்கன்னு பயந்துட்டேன்" என்று தெரிந்த மலாயில் சொன்னாள்.

டாக்டரம்மா எழுந்து வந்து, தன் விரலை அவள் நெற்றிக்கு மேலே பிடித்தார். "இதையே பாருங்கள். கண்ணை எடுக்கக் கூடாது." பக்கத்திலிருந்த டாக்டர் கடிகாரத்தைப் பார்த்தார். காமினி பார்த்தாள். அரை நிமிடம் ஒன்றுமில்லை. விழுந்துவிடு, விழுந்துவிடு என்று தன் இமையிடமே மனத்துக்குள் கெஞ்சினாள். கெஞ்சுகிறோமே என்று அருவருப்பாகவும் இருந்தது. நாற்பதாவது நொடியில் இடது இமை தானாக இறங்கியது. பிறகு இரண்டு கைகளையும் முன்னால் நீட்டச் சொன்னார்கள். ஐம்பது வரை சத்தமாக எண்ணச் சொன்னார்கள். முப்பதைத் தாண்டியதும் எண்கள் மூக்கு வழியாகக் குழைந்து வந்தன.

"மருந்து சாப்பிட்டபிறகும் இது தெரியும்" என்றார் டாக்டரம்மா. "பார்க்கத் தெரிந்தவர்களுக்குத் தெரியும். இனி ஒருபோதும் அப்படிச் செய்யாதீர்கள்."

முடிவு என்ன என்று காமினி கேட்டாள். கடிதத்தில் வரும் என்றார்கள்.

கடிதம் வர ஐந்து வாரம் ஆயிற்று. அந்த ஐந்து வாரமும் தபால்காரரின் மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டால் அவள் குளியலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டுக்கொள்வாள்.

ஒரு சனிக்கிழமை தயாளன்தான் உறையைக் கிழித்தான். உதடு அசையப் படித்தான். "கெடச்சிருச்சு காமினி" என்றான். சொல்லிவிட்டு நாற்காலியில் உட்கார்ந்து இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டான்.

அவள் கடிதத்தை வாங்கிப் பார்த்தாள். நடுவில் 'கெக்கால்' என்ற சொல் இருந்தது. நிரந்தரம். இத்தனை மாதம் அந்த ஒரு சொல்லை அவர்கள் எழுதித் தரவேண்டுமே என்றுதான் பயந்தாள். எழுதிக் கொடுத்துவிட்டார்கள். இப்போது அந்தச் சொல்லின்மேல் கட்டைவிரலை வைத்து மறைத்தாள். என்றாவது ஒரு நாள் குணமாகிவிடும் என்று தனக்குள் எங்கேயோ ஒரு மூலையில் நினைத்துக்கொண்டிருந்திருக்கிறாள் என்பதே அவளுக்கு அப்போதுதான் தெரிந்தது.

"யாருக்காச்சும் போன் பண்ணிச் சொல்லவா?" என்று தயாளன் கண்ணைத் துடைத்துக்கொண்டே கேட்டான்.

"இன்னிக்கு வேணாங்க. கொஞ்ச நேரம் இங்கயே இருங்க" என்று அவன் பக்கத்தில் உட்கார்ந்தாள்.