கண்ணையன் வாயில் புரட்டாசி

பெரிய மார்க்கெட்டில் கண்ணையனுக்கு இரண்டு வேலை. ஒன்று மூட்டை தூக்குவது. இன்னொன்று திட்டுவது. மூட்டைக்குக் கூலி உண்டு. திட்டுவதை ஊருக்கு உபகாரமாகச் செய்துவந்தார்.

அப்படி ஒரு தொண்டை. காய்கறிப் பக்கம் நின்று வாயைத் திறந்தால் மீன் பக்கத்தில் படுத்திருக்கிற பூனை எழுந்து ஓடும். யாருக்கு யாரோடு தகராறு வந்தாலும், "கண்ணையா, இங்க வா, இவனை நாலு வார்த்தை கேட்டுட்டுப் போ" என்று கூப்பிடுவார்கள். அவரும் மூட்டையை இறக்கி வைத்துவிட்டுப் போய், எதிராளியின் பாட்டனில் ஆரம்பித்துப் பேரன் வரைக்கும் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வருவார். கூட்டம் கைதட்டும். டீ வரும்.

"அந்தத் தொண்டையப் பெருமாள் குடுத்தாரு. நீ அதை மார்க்கெட்டுக்கு வாடகைக்கு உட்டுட்ட" என்பாள் மனைவி சின்னப்பொண்ணு.

அது அவருக்கு உறைக்கும். ஏனென்றால் கண்ணையனுக்கு உள்ளுக்குள் ஓர் ஆசை இருந்தது. முத்தியால்பேட்டையில் அவர் தெருவில் புரட்டாசி சனிக்கிழமைகளில் பஜனை கோஷ்டி வீடு வீடாகப் போகும். நாமம் போட்ட செம்பில் அரிசி வாங்கும். முன்னால் போகிறவர் "கோவிந்தா" என்று குரல் கொடுப்பார், பின்னால் வருகிறவர்கள் திருப்பிச் சொல்வார்கள். கடைசி சனிக்கிழமையாவது அந்த முதல் குரல் தன்னுடையதாக இருக்க வேண்டும். அறுபது வயதில் வேறு ஆசை எதுவும் அவருக்குப் பாக்கியில்லை.

சுனாமிக்குப் பிறகு வந்த இரண்டாவது புரட்டாசி அது. பொறுத்துப் பார்த்துவிட்டு, கோஷ்டித் தலைவர் அரிகிருஷ்ணனிடமே போய்க் கேட்டார். அரிகிருஷ்ணன் துணிக்கடைக்காரர். ஆளை மேலும் கீழும் அளந்து பார்த்தார்.

"உன் வாய்லருந்து கோவிந்தா வந்தா, நம்மளத்தான் திட்டுறானோன்னு பெருமாளுக்கே சந்தேகம் வந்துடும்பா."

"இந்த மாசம் முழுக்க வாயைக் கட்டிக் காட்டுறேன்."

"காட்டு, பாக்கலாம். ஒரு கெட்ட வார்த்தை பேசுனதா என் காதுல உழுந்துது, செம்பைத் தொடக்கூட உடமாட்டேன்."

மறுநாள் காலை கண்ணையன் குளித்து, நாமம் போட்டு, துளசி மாலையைக் கழுத்தில் போட்டுக்கொண்டார். யாரையும் சுலபத்தில் நம்பாதவர் அவர். தன் வாயைக் கொஞ்சம்கூட நம்ப மாட்டார். அதனால் ஒரு துளசி இலையை நாக்குக்கு அடியில் ஒதுக்கிக்கொண்டார். கெட்ட வார்த்தை பேச வேண்டுமானால் முதலில் துளசியைத் துப்ப வேண்டும். அந்த அளவுக்குத் தான் இன்னும் கெட்டுப்போகவில்லை என்று நினைத்தார்.

மார்க்கெட் சும்மா விடுமா? டீக்கடை பிரேம்குமார்தான் ஆரம்பித்தான். அவனுக்கு அருவாள் மாதிரி மீசை. அந்த மீசையைப் பார்த்துத்தான் மாமனார் பெண் கொடுத்தார் என்று சொல்லிக்கொள்வான்.

"நைனா, கடைசி சனிக்கிழமை வரைக்கும் நீ திட்டாம இருந்துட்டா, நான் மீசைய எடுத்துடறேன்."

அன்றிலிருந்து அவருடைய டீயில் உப்பு விழுந்தது. தலையில் வைக்கிற சும்மாட்டுத் துணி காணாமல்போய், கோழிக்கடைக் கூண்டின் மேலே கிடந்தது. "சாமியாரே, ஆசீர்வாதம் பண்ணுங்க" என்று கத்திரிக்காய்க்காரன் காலில் விழுந்தான். கண்ணையன் துளசியை நாக்கால் அழுத்திக்கொண்டு நடந்தார். இத்தனைக்கும் அவர்கள் கெட்டவர்கள் இல்லை. அடுத்தவனைக் குத்திப் பார்க்காவிட்டால் அவர்களுக்குப் பொழுது போகாது. அவரும் அப்படித்தானே இருந்தார்.

மூட்டையோடு போகும்போதுதான் உண்மையான கஷ்டம். மார்க்கெட் சந்து குறுகல். முன்பெல்லாம் ஒரு வசவு விட்டால் கூட்டம் இரண்டாகப் பிளக்கும். இப்போது தலையில் வெங்காய மூட்டையோடு, "அம்மா, கொஞ்சம் வழி உடுங்கம்மா" என்றால் ஒருவரும் திரும்பிப் பார்ப்பதில்லை. மரியாதையாகப் பேசினால் அங்கே யாருக்கும் காது கேட்காது.

"நல்லாப் பேசுனா ஒருத்தனும் மதிக்க மாட்டேங்கிறான்" என்றார் ஒரு சாயங்காலம். சின்னப்பொண்ணு அவர் கழுத்தில் எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"திட்டுனப்ப மட்டும் மதிச்சாங்களா? பயந்தாங்க. ரெண்டும் ஒண்ணா?"

கண்ணையன் எண்ணெய்க்குக் கழுத்தைக் குனிந்து கொடுத்தார். அவளிடம் பேசி அவர் எந்தக் காலத்திலும் ஜெயித்ததில்லை.

கடைசி வெள்ளிக்கிழமை வந்தது. பாதி ஊர் கவுச்சியை விட்டிருந்ததால் மீன் பக்கம் ஈ ஓட்டிக்கொண்டிருந்தது. பிள்ளைச்சாவடிக் குப்பத்து மீன்காரி அஞ்சலாட்சி, விற்காத சங்கரா மீனை அன்னக்கூடையில் வைத்துத் தூக்கிக்கொண்டு எரிச்சலோடு வந்தாள். பூக்காரி தனக்கொடி மறுநாளுக்காகத் துளசியைப் பாதை வரைக்கும் குவித்து வைத்திருந்தாள். அஞ்சலாட்சி ஓரடி சறுக்கினாள். கூடையிலிருந்த மீன் தண்ணீர் முழுவதும் துளசி மேல்.

"அய்யோ, கண்ணு எங்கடி இருக்குது உனக்கு? சாமிக்குப் போற துளசிடி."

"ஆமாம், வழி முழுக்க நீயே குத்தகைக்கு எடுத்துக்கோ. உங்க பெருமாளாலதான் என் மீனே நாறுது."

"பெருமாளையா சொல்ற?"

தனக்கொடி அஞ்சலாட்சியின் கொண்டையைப் பிடித்தாள். அஞ்சலாட்சி தனக்கொடியின் முந்தானையைப் பிடித்தாள். கூட்டம் கூடிவிட்டது. உருளைக்கிழங்கு மூட்டையோடு வந்த கண்ணையன் நடுவில் மாட்டிக்கொண்டார். முன்னாலும் போக முடியாது, பின்னாலும் போக முடியாது.

"கண்ணையாண்ணே, இவளைக் கேளுண்ணே" என்றாள் தனக்கொடி.

"அண்ணே, நீ என் பக்கம் பேசு. ஒரு கூடை மீன் தரேன்" என்றாள் அஞ்சலாட்சி.

"புரட்டாசியில மீனை வச்சிக்கினு இன்னாடி பண்ணுவாரு அவரு?" என்றாள் தனக்கொடி, கொண்டையை விடாமல்.

பிரேம்குமார் ஸ்டூல் மேல் ஏறிச் செல்போனைத் தூக்கிப் பிடித்தான். "பேசு நைனா. இந்த மாதிரி சண்டை இனிமே கெடைக்காது."

கழுத்து எரிந்தது. யாரோ காலை மிதித்தார்கள். யாரோ முதுகில் இடித்தார்கள். அடிவயிற்றிலிருந்து ஒன்று கிளம்பி மேலே வருவது கண்ணையனுக்கே தெரிந்தது. பழைய சரக்கு. அருமையான சரக்கு. பெருமாளே, வருது, நீயே பாத்துக்கோ என்று நினைத்தார். நாக்கு துளசியில் இடித்தது. காரமும் கசப்புமாக ஒரு ருசி. வாய் திறந்துவிட்டது.

"கோவிந்தா."

அந்தத் தொண்டைக்கு முழு வேலையும் அன்றுதான் கிடைத்தது. தகரக் கூரையில் பட்டு அந்தக் குரல் திரும்பி வந்தது.

புரட்டாசியில் ஒருவர் கோவிந்தா சொன்னால் கேட்டவர் வாய் தானாகத் திருப்பிச் சொல்லும். யோசித்தெல்லாம் சொல்வதில்லை. மார்க்கெட் மொத்தமும் "கோவிந்தா" என்றது. தனக்கொடி கொண்டையைப் பிடித்திருந்த கையை எடுத்துத் தலைக்கு மேல் கும்பிட்டாள். அஞ்சலாட்சி முந்தானையை விட்டுவிட்டுக் கும்பிட்டாள். கத்திரிக்காய்க்காரன் தராசோடு கையைத் தூக்கினான். முட்டைக்கோஸ் வாங்க வந்த பிரெஞ்சுப் பென்ஷன்காரர் முசே ஜூல், ஞாயிறு தவறாமல் மாதா கோயில் பூசைக்குப் போகிறவர், அவரும் சொல்லிவிட்டார். சொன்ன பிறகு சுற்றுமுற்றும் பார்த்துச் சிலுவை போட்டுக்கொண்டார்.

முதலில் சிரித்தது அஞ்சலாட்சி. அவளைப் பார்த்துத் தனக்கொடி. பிறகு யார் யாரைப் பார்த்துச் சிரித்தார்கள் என்று சொல்ல முடியாது.

"எங்க தோட்டத்துல துளசி மண்டிக் கெடக்குது. சாயங்காலம் அறுத்தாந்து தரேன், மூஞ்சத் தூக்காத" என்றாள் அஞ்சலாட்சி.

"இந்தக் கூடையிலயா?"

"உன் பூக்கூடையக் குடுடி, அதுலயே கொண்டாறேன்."

கண்ணையன் இன்னொரு கோவிந்தா போட்டார். கூட்டம் பதில் சொல்லிக்கொண்டே இரண்டாகப் பிளந்தது. வசவுக்குக்கூட இவ்வளவு அகலமாக வழி கிடைத்ததில்லை. மூட்டையோடு போனவர் சந்து முனையில் நின்றுவிட்டார். அங்கே துளசி வாங்க வந்த அரிகிருஷ்ணன், தலைக்கு மேல் கூப்பிய கையை இறக்க மறந்து நின்றுகொண்டிருந்தார்.

"நாளைக்குக் காலைல வந்துடு. வேட்டியத் தொவச்சுக் கட்டிக்கினு வா."

"அப்புறம் மாத்திப் பேச மாட்டீங்களே?"

"பேசுனா நீ என்னைத் திட்டிக்கோ."

"அதுக்கு ஐப்பசி வரணும்" என்றார் கண்ணையன்.

சனிக்கிழமை காலை தெருவில் கண்ணையன் முன்னால் போனார். கழுத்தில் பிள்ளைச்சாவடித் துளசி, தனக்கொடி கட்டியது. பின்னால் வந்த கோஷ்டியில் வழுவழுவென்ற மேலுதட்டோடு ஒரு ஆள் வாயைப் பொத்தியபடி வந்தான். "யாரு இந்தப் புள்ள, புதுசா இருக்குது?" என்று ஒவ்வொரு வாசலிலும் கேட்டார்கள். பிரேம்குமார் வாயைப் பொத்திய கையை எடுக்கவே இல்லை.

தன் வீட்டு வாசலுக்கு வந்ததும் கண்ணையன் செம்பை நீட்டினார். சின்னப்பொண்ணு முறத்தில் அரிசியோடு நின்றாள். செம்பு நிறைந்து வழிகிற வரைக்கும் போட்டாள்.

"தொண்டையில வாடகைக்கு இருந்தவன் காலி பண்ணிட்டானா?" என்றாள், அவருக்கு மட்டும் கேட்கிற மாதிரி.

கண்ணையன் சிரிப்பை அடக்கிக்கொண்டு, அடுத்த வீட்டு வாசலைப் பார்த்து வாயைத் திறந்தார்.